ரத்தம் கம்மி என்று சொன்னேன்

கண்ணில் புரை என்று காட்டப் போனவளை, கல்லீரலைக் கொண்டுபோய்க் காட்டு என்று அனுப்பினார்கள். என் கதை அப்படித்தான் தொடங்கியது.

இடது கண்ணில் புரை விழுந்து, கடுகையும் கேழ்வரகையும் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எல்லோருக்கும் எடுப்பதுதான் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனதும் அங்கிருந்த பெண் எழுந்து கதவைச் சாத்தினாள். ஹெபடைடிஸ் சி என்றாள். கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிற கிருமி, ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் வரும் என்று விளக்கிவிட்டு, எனக்கு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டாள்.

ஏற்றியிருக்கிறார்கள். கல்யாணமான மறுவருஷம் முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் போய், மூன்று பாட்டில் ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கிருமிக்கென்று ரத்தத்தைச் சோதிக்கிற வழக்கம் எல்லா இடத்திலும் வந்திருக்கவில்லையாம். யார் கொடுத்த ரத்தம் என்று எனக்குத் தெரியாது. தெரியாத அந்தப் புண்ணியவானுக்காக வருஷாவருஷம் கோவிலில் அர்ச்சனை செய்துவந்தேன். பெயர், நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பேருக்கே செய்யச் சொல்வேன். இருபத்தொன்பது வருஷமாக நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்த ரத்தம்தான் உள்ளே உட்கார்ந்து என் கல்லீரலை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகைகூட வரவில்லை. பேயறைந்தவள் மாதிரி வெளியே வந்து, செருப்பை அங்கேயே விட்டுவிட்டுத் தெருமுனை வரை வெறுங்காலில் நடந்திருக்கிறேன். கால் சுட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கர்ப்பம் கலைந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் என் மகன். எங்களுக்கு அவன் ஒருவன்தான். இருபத்தேழு வயது, தரமணியில் கம்ப்யூட்டர் வேலை, எங்களோடுதான் இருக்கிறான். அவனுக்கு முன்னால் ஒன்று கலைந்தது என்றே அவனிடம் நாங்கள் சொன்னதில்லை.

மயிலாப்பூரில் குளத்திலிருந்து மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. வீட்டிலேயே சமைத்து, ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறேன். சைவம்தான். ஐம்பது கேரியர். தி.நகர், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று என் வீட்டுக்காரர் ஒரு ஆட்டோவைப் பேசி வைத்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாலையில் காலிக் கேரியர்களை வாங்கி வருவார். சமையலில் எனக்குக் கைக்கு உதவியாக ஒருத்தி இருக்கிறாள். முன்பு எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் இருந்தவள். அந்த வீடுகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து இன்னும் முதல் பஸ் பிடித்து வருகிறாள். வாய் அவளுக்கு என்னைவிட நீளம். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

இந்த நிலையில் எனக்கு ஒரு கிருமி என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு என்னை அனுப்பிய அடையாறு மருத்துவமனையில் டாக்டரிடம் நான் முதலில் கேட்டதே என் சமையலைப் பற்றித்தான். சாப்பாட்டில் பரவாது, தண்ணீரில் பரவாது, தொட்டால் பரவாது என்று அந்த டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். என்னைவிட இருபது வயது சின்னவர், பொறுமைசாலி. சரி, பரவாது. ஆனால் தி.நகர் பேங்கில் உட்கார்ந்து என் ரசத்தை ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு அதை யார் போய் விளக்குவது?

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் போதும், ஊசி இல்லை, முழுக்கப் போய்விடும் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஸ்கேனில் என் கல்லீரலில் ஏற்கெனவே தழும்பு விழத் தொடங்கியிருந்ததால் கூடவே ரிபாவிரின் என்று இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். ஒரு நாளைக்கு ஐந்து. அது கிருமியையும் அடிக்கும், என் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களையும் உடைக்கும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். நான் எழுந்திருக்கும்போது சொன்னார்: "வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் டெஸ்ட் பண்ணிடுங்கம்மா. பிரசவத்துல அம்மாகிட்டேருந்து பிள்ளைக்குப் போற வாய்ப்பு கம்மி. ஆனா பாத்துத்தான் ஆகணும்."

என் வீட்டுக்காரர் மறுநாளே போய்ப் பார்த்தார். அவருக்கு இல்லை. மகனை நான் கூட்டிப் போகவில்லை. அடுத்த தடவை டாக்டர் கேட்டபோது, "பாத்தாச்சு டாக்டர், ஒண்ணுமில்ல" என்றேன். ஒரே மூச்சில் வந்தது அந்தப் பொய். அவர் எழுதிக்கொண்டார்.

ஏன் என்று இப்போது எத்தனையோ காரணம் சொல்லலாம். அவனிடம் சொன்னால் கலைந்த கர்ப்பத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் என்னை அடுப்பங்கரைக்குள்ளேயே விடமாட்டான். எல்லாம் உண்மைதான், ஆனால் எல்லாம் சால்ஜாப்பு. அவனுக்கு இருந்துவிட்டால் கொடுத்தவள் நான். அந்தப் பதிலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வாய்ப்பு கம்மி என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அவனுக்கும், கூட வேலை செய்கிறவளுக்கும், வாடிக்கைக்காரர்களுக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். ரத்தம் கம்மி. மகன் இன்னும் கொஞ்சம் துருவினான். தீட்டு நிற்கிற வயசு, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான், வாய் அடைத்துப்போயிற்று. டிவியில் நாப்கின் விளம்பரம் வந்தாலே சேனலை மாற்றுகிறவன் அவன். அதற்குப் பிறகு என் மருந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் எனக்கு.

நான் சொன்ன பொய் இரண்டே வாரத்தில் நிஜமாகிவிட்டது. ஹீமோகுளோபின் தொடங்கும்போது பன்னிரண்டு இருந்தது, பத்தரைக்கு வந்தது. நாலாவது வாரம் ஒன்பது. அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறங்கும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார், ஆனால் இப்படி மளமளவென்று என்று நான் நினைக்கவில்லை. குளிக்கப் போய்ச் சொம்பைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டணுக்கள் வேறு கம்மியாம். ரத்தம் உறைவதற்கு அவைதான் வேண்டுமாம். பல் தேய்த்தால் எச்சில் சிவப்பாக வந்தது. எங்கே கையை அறுத்துக்கொண்டு சமையலில் ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அருவாமனையைத் தொடுவதையே விட்டுவிட்டேன். வெட்டுவது, நறுக்குவது எல்லாம் கூட வேலை செய்கிறவள் தலையில். "இன்னாக்கா, ராணியாட்டம் குந்திக்கினு கீற" என்று கிண்டல் செய்தாள். என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்ததும் கிண்டலை நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் ரிபாவிரினை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தார். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். சமையல்காரிக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. முப்பது வருஷமாக ஊறுகாய் போடுகிறவள் நான். உப்பைக் குறைத்தால் ஊறுகாயில் பூஞ்சை பிடிக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், அடியில் கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு ஜாடி மாவடு அப்படிப் போய், தூக்கிக் கொட்டியிருக்கிறேன். மருந்தும் அப்படித்தானே என்று என் மண்டைக்குத் தோன்றிவிட்டது. ஐந்து போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டால் கிருமி அடியில் தங்கிவிடாதா? மூன்று மாதம் கஷ்டப்பட்டதெல்லாம் வீணாகிவிடாதா? டாக்டருக்கு நான் சாகக் கூடாதே என்ற கவலை, அதனால் குறைக்கிறார் என்று நானே தீர்மானம் செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லாமல் ஐந்தே போட்டுவந்தேன். ஏற்கெனவே வாங்கிய அட்டைகள் கையில் இருந்தன.

ரத்தத்தைச் சாப்பாட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கு ஊரே ஒத்தாசை செய்தது. ரத்தம் கம்மி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து காலிக் கேரியர்கள் காலியாக வருவது நின்றுபோயிற்று. மேல் தட்டைத் திறந்தால் பேரீச்சம்பழம். இன்னொன்றில் மாதுளை முத்து உதிர்த்து வைத்திருக்கும். ஆழ்வார்பேட்டையில் வக்கீல் ஆபீஸ் அம்மா வாராவாரம் கறுப்புத் திராட்சை அனுப்பினார். பீட்ரூட் மட்டும் வீட்டில் ஒரு கூடை சேர்ந்துபோய், வாடிக்கைக்காரர்களுக்கே பொரியல் செய்து திருப்பி அனுப்பினேன். இரும்புச் சத்து மாத்திரைகூட ஒருவர் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் தின்றேன். அவ்வளவு பேரும் நான் சொன்ன பொய்க்கு வைத்தியம் பார்க்கிறார்களே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு நாள் கூட வேலை செய்கிறவள் எவர்சில்வர் டப்பா ஒன்றைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல். மிளகு போட்டு வறுத்திருந்தாள். ரத்தம் ஊறுவதற்கு அதைவிட வேறொன்றும் கிடையாது என்பது அவர்கள் கட்சி. "நீ சைவம்னு எனக்குத் தெரியாதாக்கா? மருந்துன்னு நென்ச்சுக்கினு கண்ண மூடிக்கினு முழுங்கு" என்றாள். பிறந்ததிலிருந்து முட்டை தொடாதவள் நான். தின்றேன். பின்கட்டில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நாலு துண்டும் தின்றேன். குமட்டிக்கொண்டு வந்தது, விழுங்கினேன். உயிர்மேல் எனக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

ஏழாவது வாரம் குக்கரை இறக்கப் போன எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது கூட வேலை செய்கிறவள் என் முகத்தில் மோரைத் தெளித்துக்கொண்டிருந்ததுதான். தண்ணீர் எடுக்கப் போக அவளுக்குப் பொறுமை இல்லை. அன்று ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருந்துப் பையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். மிச்சம் இருந்திருக்க வேண்டிய அட்டைகள் இல்லை. குட்டு உடைந்தது. ஊறுகாய்க் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நேராக உட்கார்ந்தார். மூன்று போட்டாலும் கிருமி போகும், முக்கியமான மருந்து இன்னொன்று, இது அதற்குத் துணைதான் என்றார். என் உடம்பில் ரத்தம் ஊறாமல் இல்லை, ஊறுகிற ரத்தத்தை இந்த மாத்திரை உடைத்துக்கொண்டிருக்கிறது, இதில் நான் இரும்பாகத் தின்றால் அது கெட்டுப்போன கல்லீரலில் போய்ச் சேரும் என்றார். அத்தனை பேரீச்சம்பழம், அந்த மாத்திரைகள், அந்தச் சுவரொட்டி. நல்லது என்று நினைத்து நான் செய்த ஒவ்வொன்றும் என்னைக் குழியில் தள்ளியிருக்கிறது.

ரிபாவிரினை அன்றோடு நிறுத்தினார். இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். ஒரு தடவை ஏற்றியதற்குத்தானே இந்தப் பாடு. சோதித்த ரத்தமா என்று டாக்டரிடம் கேட்டேன், நர்ஸிடம் கேட்டேன், பையைத் தொங்கவிட வந்த பிள்ளையிடமும் கேட்டேன். இப்போது ஒவ்வொரு பையையும் எல்லாக் கிருமிக்கும் சோதித்த பிறகுதான் கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

எடுத்துக்கொள்கிற ரத்தத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து யாராவது வந்து கொடுத்தால் நல்லது என்று ரத்த வங்கியில் கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வயது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. மகன் ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தான். நான் கொடுக்கிறேன் என்றான். ஊசி என்றால் பள்ளிக்கூடத்து மதில் ஏறிக் குதித்து ஓடியவன், அதுவரை யாருக்கும் ரத்தம் கொடுத்ததில்லை. எனக்காகக் கொடுக்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான்.

"வேணாம்டா, நீயே ஒல்லி" என்றேன். அவன் சிரித்தான். அம்மா பாசத்தில் தடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். இப்போதாவது சொல்லிவிடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனசில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். எப்படியும் அவன் ரத்தத்தைச் சோதிப்பார்கள். நான் வாயைத் திறக்காமலே அவனுக்கும் டெஸ்ட் நடந்துவிடும். ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். இல்லை என்று நானே முடிவுகட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ரத்தம் கொடுத்தவனின் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்ற சின்ன விஷயம் என் அறிவுக்கு எட்டவில்லை.

எனக்கு ரத்தம் ஏறியது. ஒன்பது, பிறகு பத்தேகால். சொம்பைத் தூக்கினேன், மாவுப் பாத்திரத்தை இறக்கினேன். உடம்பு தேறத் தேற என் கண்ணுக்கு மகன்தான் கெட்டுப்போனவனாகத் தெரிந்தான். வீட்டில் சாப்பிடுவதை விட்டுவிட்டான். கேட்டால் ஆபீஸில் ஆயிற்று என்பான். தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு தானே கழுவினான். துண்டைக் கொடியில் போடாமல் அறைக்குள் கொண்டுபோய் உலர்த்தினான். ஷேவிங் செட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினான். நான் கிட்டே போனால் ஏதோ வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பெரிய கலெக்டர் ஆகிவிட்டானாம், அம்மா கை பட்ட தட்டு ஆகவில்லையாம் என்று அவன் காதில் விழும்படியே திட்டினேன். ஒரு நாள், யாரையாவது பார்த்து வைத்திருந்தால் சொல்லித் தொலை, இப்படித் திமிர் பண்ணாதே என்றும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஷூவுக்கு நாடா கட்டினான். நாலு வாரம் இப்படி ஓடியது.

மருந்து முடிகிற வாரம் கடைசிச் சோதனைக்காக அடையாறு போனேன். என் வீட்டுக்காரர் கேரியர்களோடு தி.நகர் போயிருந்தார், அதனால் தனியாகத்தான் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார இடம் தேடினேன். மூன்றாவது வரிசையில், ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, மடியில் ஒரு மருத்துவக் கோப்போடு என் மகன் உட்கார்ந்திருந்தான்.

என்னைத் தேடி வந்துவிட்டான், எல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தான். இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டான். நான் வாய் தவறாமல் வழக்கமான பதிலைச் சொன்னேன். ரத்தம் கம்மிக்குச் செக்கப். அவன் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தான். கல்லீரல் நோய்ப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறகு என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான். அதன் மேல் சிவப்பு மையில் ஹெபடைடிஸ் சி என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். அவன் மடியிலிருந்து கீழே விழுந்த கோப்பிலும் அதே சிவப்பு மை, அதே எழுத்து, அதே அடிக்கோடு.

நான் படித்ததையே அவனும் படித்தான். ஆனால் அவன் வேறொரு கணக்குப் போட்டான். முகம் வெளுத்துப்போய், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அன்னிக்கு என் ரத்தத்த உனக்கு ஏத்திட்டாங்களாம்மா? கெட்ட ரத்தம், தூக்கிப் போட்டாச்சுன்னு என்கிட்ட சொன்னாங்களே. பொய்யா? என்னாலதான் உனக்கு வந்துச்சா?"

ரத்தம் கொடுத்த மூன்றாம் நாளே, இந்தப் பிரிவில் வந்து காட்டச் சொல்லி அவனுக்குப் போன் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், அம்மாவுக்கு ரத்தம் கம்மி, இதைச் சொன்னால் தாங்கமாட்டாள் என்று தனியாகவே அலைந்திருக்கிறான். தட்டும் டம்ளரும் துண்டும் எதற்கென்று எனக்கு அங்கே நின்றபடியே விளங்கியது.

அவன் கேள்வி கேட்டு நான் பதில் சொல்வதற்கு நடுவில் ஒரு நொடி இருந்தது. சும்மா இருந்துவிட்டால் போதும் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தாலே நான் தப்பித்துவிடலாம். பெற்ற பிள்ளை முன்னால் நின்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றியது அது. இதை எழுதும்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

"உன்னால இல்லடா" என்றேன். "என்கிட்டேருந்துதான் உனக்கு வந்துருக்கு."

உட்கார வைத்துச் சொன்னேன். அவனுக்கு முன்னால் கலைந்த பிள்ளை, மூன்று பாட்டில் ரத்தம், கண் டாக்டர், எல்லாம். முடித்ததும் அவன் இரண்டே கேள்வி கேட்டான். எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டான். மருந்து தொடங்குவதற்கு முன்பே என்றேன். அவனைச் சோதிக்கச் சொன்னார்களா என்று கேட்டான். சொன்னார்கள் என்றேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கீழே கிடந்த கோப்பை எடுத்துத் தூசியைத் தட்டினான்.

டாக்டர் இருவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார். இரண்டு கோப்பிலும் ஒரே முகவரி இருப்பதைப் பார்த்தார், பையனுக்குப் பாத்தாச்சு என்று சொல்லியிருந்த என்னைப் பார்த்தார். என் ஹீமோகுளோபின் பதினொன்று, இனி ஏறிக்கொண்டே போகும் என்றார். கிருமி அடங்கியிருக்கிறது, முழுக்கப் போய்விட்டதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும் என்றார். மகனுடைய கல்லீரலில் தழும்பு எதுவும் இல்லை, ரத்தத்தை உடைக்கிற மாத்திரை அவனுக்குத் தேவைப்படாது, மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். அவன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். நான் கடவுளே என்று கை கூப்பினேன். என்னைக் கேட்டால் அன்றைக்கு நான் பிழைத்ததே டாக்டரின் அந்த வார்த்தையில்தான்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம். அடையாறு பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றபோது வெளியே பார்த்தபடியே சொன்னான்.

"நாலு வாரமா உன் பக்கத்துல மூச்சு விடவே பயந்துக்கிட்டு இருந்தேம்மா."

கையை நீட்டி, சீட்டின் மேலிருந்த அவன் கையைப் பிடித்தேன். அவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். அந்த நாலு வாரத்துப் பழக்கத்தில் இழுத்துக்கொண்டானா, என்மேல் இருந்த கோபத்தில் இழுத்துக்கொண்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.